திவாலில் தள்ளுபடியான கடனை வருமானமாகக் காட்டிவிட்டீர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: 2024-ஆம் ஆண்டு வரித் தாக்கலைத் திருத்தித் தருவது, கட்டணத்தைத் திருப்புவது

ஐயா / அம்மா,

வணக்கம். தமிழில் பேசி விளக்குவார்கள் என்று நம்பித்தான் எங்கள் வரித் தாக்கலை உங்களிடம் கொடுத்தோம். அதில் நடந்த தவறால் 10,400 டாலருக்கு மேல் வரி கூடுதலாக விழுந்திருக்கிறது. அதை இன்று தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடந்தது இதுதான். 2022-இல் டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் 4,05,000 டாலருக்கு வீடு வாங்கினோம். ஆஸ்டின் பக்கம் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. வேலை போய், தவணை நின்று, 2024 பிப்ரவரியில் வங்கி வீட்டைப் பறிமுதல் செய்து விற்கும் ஃபோர்குளோஷர் ஏலத்தில் அது போனது. பாக்கிக் கடன் 3,88,400. வீட்டின் சந்தை மதிப்பு 3,30,000. மீதி 58,400 டாலருக்கு நாங்களே பொறுப்பு. சாப்டர் 7 திவால் மனு போட்டோம். செப்டம்பரில் நீதிமன்றம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து உத்தரவிட்டது. தள்ளுபடியான கடன், விலக்கு இல்லாவிட்டால், வருமானமாகக் கணக்காகும். அந்தத் தொகையைத் தெரிவிக்கும் 1099-சி படிவம் அடுத்த ஜனவரியில் வங்கியிடமிருந்து வந்தது. ஆறாம் கட்டத்தில் 'ஏ' என்ற குறியீடு இருந்தது. திவால் என்பதற்கான குறியீடு அது. படிவத்தையும் நீதிமன்ற உத்தரவையும் சேர்த்தே உங்களுக்கு அனுப்பினேன்.

உங்கள் ஊழியர் செய்தது என்ன? சொத்துப் பட்டியல், கடன் பட்டியல் எல்லாம் கேட்டார். அதைக் கணக்குப் போட 150 டாலர் தனியாக வாங்கினார். என் 401கே ஓய்வூதியச் சேமிப்பையும் சொத்தில் சேர்த்து, "உங்களுக்குச் சொத்து கடனைவிட அதிகம், அதனால் விலக்கு கிடையாது" என்று சொல்லி 58,400 டாலரையும் வருமானத்தில் ஏற்றிவிட்டார். 401கே-யைச் சொத்தாக எண்ணுவது அந்தக் கணக்குக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கே எங்களுக்குத் தேவையில்லை. அது திவாலுக்குப் போகாமல் கடன் தள்ளுபடி பெற்றவர்களுக்கானது. திவால் நீதிமன்றம் தள்ளுபடி செய்த கடனுக்கு அமெரிக்க வரிச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் தனி விலக்கு இருக்கிறது. கையில் சொத்து எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. மற்ற விலக்குகளுக்கு முன்னால் நிற்பதும் அதுதான். இந்த விலக்கைக் கோரும் ஃபார்ம் 982-இல் 1ஏ வரியில் குறியிட்டு, இரண்டாம் வரியில் தொகையை எழுதி, ரிட்டர்னோடு இணைத்திருக்க வேண்டும். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிடும் 4681-ஆம் எண் கையேட்டிலேயே இது தெளிவாக இருக்கிறது.

வீடு போனதில் எங்களுக்கு ஏற்பட்ட 75,000 டாலர் நட்டத்தைக் கழிக்க முடியாது என்றும் அவர் சொன்னார். குடியிருந்த வீடு என்பதால் அது சரி, அதில் எனக்குக் குறை இல்லை.

வீட்டை இழந்து, திவால் நீதிமன்றத்தில் நின்று, சரி, இனி பழைய பாரம் இல்லை என்று நானும் மனைவியும் மூச்சு விட்ட நேரத்தில் இந்த வரி வந்தது. அப்போதே உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "படிவம் வந்தால் வரி கட்டித்தான் ஆக வேண்டும்" என்று பதில் வந்தது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. கடன் தீர்ந்த மனிதனிடம் அதைச் சொல்வது எவ்வளவு பெரிய பயத்தைக் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபார்ம் 982 இணைத்த 1040-எக்ஸ் திருத்த ரிட்டர்னைக் கட்டணம் இல்லாமல் உடனே தயாரித்து அனுப்புங்கள். தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் திருத்தலாம் என்று இழுத்தடிக்க வேண்டாம், மாதா மாதம் பணம் போய்க்கொண்டிருப்பது எங்கள் கையிலிருந்து. தயாரிப்புக் கட்டணத்தையும் அந்த 150 டாலரையும் திருப்பித் தர வேண்டும். தவணைக்காக ஐஆர்எஸ்ஸுக்குக் கட்டிய வட்டியில் திரும்பக் கிடைக்காத பகுதி ஏதாவது இருந்தால் அதையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

அப்புறம், இதே ஊழியர் 1099-சி வந்த வேறு குடும்பங்களுக்கும் தாக்கல் செய்திருப்பார். அவற்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுத்து மூலமான பதிலை இந்த மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறேன்.

இணைப்பு: 1099-சி நகல், நீதிமன்றத் தள்ளுபடி உத்தரவு, உங்கள் ரசீதுகள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ரவுண்ட் ராக், டெக்சாஸ்