மாதிரி அரசியலமைப்புச் சபை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சுதந்திர நாளான ஏப்ரல் 27-க்கு முந்தைய சனிக்கிழமை, நம் தமிழ்ப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி அரசியலமைப்புச் சபை நடத்துகிறார்கள். ஆளுக்கொரு பிரதிநிதியாகத் தமிழில் மூன்று நிமிடம் பேச வேண்டும்.

மண்டேலாவே தென்னாப்பிரிக்க அரசியலமைப்பை எழுதினார் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் கையெழுத்திட்டார். எழுதியது 490 பேர் கொண்ட சபை. தலைவர் சிறில் ரமபோசா, துணைத் தலைவர், நிறவெறி ஆட்சியை நடத்திய தேசியக் கட்சியின் லியோன் வெசல்ஸ். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 327 வாக்கு வேண்டும். மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் இருந்தது 312. குறைந்த அந்த 15 வாக்கை முதலில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரிய கட்சி ஏன் மற்றவர்களோடு பேசியே தீர வேண்டியிருந்தது என்பது தானே விளங்கும்.

அந்த விகிதமும் லேசில் முடிவாகவில்லை. 1992 மே மாதம் கெம்ப்டன் பார்க்கில் கோடெசா என்ற பல கட்சிப் பேச்சுவார்த்தையின் இரண்டாம் கூட்டம் 70 விழுக்காடா, 75 விழுக்காடா என்ற இழுபறியில் முறிந்தது. அதே ஆண்டு ஜோ ஸ்லோவோ ஒரு வழி சொன்னார்: சில ஆண்டுகள் அதிகாரத்தைப் பகிர்வோம், பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி தருவோம். கம்யூனிஸ்ட் தலைவரே சொன்னதால்தான் அவர் தரப்பினர் காது கொடுத்தார்கள் என்று நான் கருதுகிறேன். 1993-இன் இடைக்கால அரசியலமைப்பில் அது தேசிய ஒற்றுமை அரசாக இடம்பெற்றது.

1993-ஐயும் 1996-ஐயும் குழப்ப விடாதீர்கள். 1993-இன் இடைக்காலச் சட்டத்தில், இறுதி அரசியலமைப்பு பின்பற்ற வேண்டிய 34 கோட்பாடுகள் இருந்தன. 1996 மே 8-இல் சபை நிறைவேற்றிய வாசகம் அவற்றுக்கு முழுவதும் பொருந்தவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் செப்டம்பர் 6-இல் திருப்பி அனுப்பியது. உள்ளாட்சி பற்றிய விவரம் போதவில்லை. உரிமைகள் அத்தியாயத்தை எளிதில் திருத்திவிடாதபடி போதிய பூட்டும் இல்லை. இன்று அந்த அத்தியாயத்தைத் திருத்த, தேசிய அவையில் மூன்றில் இரண்டு பங்கோடு ஒன்பதில் ஆறு மாகாணங்களின் ஆதரவும் வேண்டும்.

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும். ஆட்சிமொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது உள்ளிட்ட சமூக மொழிகளை வளர்ப்பதும் மதிக்கச் செய்வதும் மொழிகள் வாரியத்தின் கடமை என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆட்சிமொழி என்பதும் இதுவும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் சொல்ல வேண்டும்.

தயாரிப்புக்கு ஒரே தாள் போதும். மேல் பாதியில் தன் தரப்பின் கோரிக்கை. கீழ்ப் பாதியில் எதிர்த்தரப்பு என்ன மறுக்கும், அதற்காக எந்தச் சொல்லை மாற்றலாம் என்பது. கீழ்ப் பாதியைத்தான் பிள்ளைகள் காலியாக விடுவார்கள். அதற்குத் தாத்தாவோ ஆயாவோ எதிர்த்தரப்பாக உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். உரையை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். மறுகேள்வி வந்ததும் பிள்ளை திணறும்.

சபையில் 30 பேர். பெரிய அணிக்கு 18 இடம். நிறைவேற 20 வாக்கு. தாளை முந்தின வார வகுப்பிலேயே கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்