லீட்ஸிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

நான் நலம். போனில் என் வலிப்பு நோயைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே நீ குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டு. நீ கொடுத்தனுப்பிய வத்தக்குழம்புப் பொடி தீரப்போகிறது.

போன மாதம் ஆபீசில் வலிப்பு வந்தது. பதறாதே. கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன், தலைக்கடியில் யாருடைய கோட்டோ மடித்து வைத்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். 5 நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சேர்ந்தபோதே சொல்லி வைத்திருந்தேன். வாயில் யாரும் எதையும் திணிக்கவில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் விழுந்தபோது ஆளுக்கொரு சாவிக்கொத்தை என் கையில் அழுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? பாவம், நல்ல மனசோடுதான் செய்தார்கள். இரும்பைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வலிப்பு பெரும்பாலும் தானாகத்தான் நிற்கும்.

வலிப்புக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு சான்றிதழ் தருகிறார்கள். மற்றவர்கள் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டும் இடத்தில் எனக்கு இலவசம், டாக்டர் இருமலுக்கு எழுதிக்கொடுத்தாலும்கூட. கார்தான் இப்போதைக்குக் கிடையாது. முழுசாக ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால்தான் ஓட்ட விடுவார்கள். அதுவும் நியாயம்தான். குளிக்கும்போது கதவைத் தாழ்போடுவதில்லை. கூடத் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் வெளியே ஒரு அட்டையில் 'ஆள் உண்டு' என்று எழுதி மாட்டியிருக்கிறாள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்கு வந்திருக்கும் வரனிடம் "பெரியவள் லண்டன் பக்கம் வேலையில் இருக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொண்டாயாமே. அவளே சொல்லி அழுதாள்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் மாத்திரையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, யார் கேட்டாலும் சத்து மாத்திரை என்று எத்தனை வருஷம் சமாளித்தாய்! அப்பா விடியற்காலையிலேயே சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பார். அங்கே யாராவது தெரிந்தவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சின்னவள் பாவாடை சட்டை போட்ட வயசிலேயே பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து "அக்கா, இருக்கியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கோயம்புத்தூரில் இடம் கிடைத்தும் ராத்திரி அக்காவை யார் பார்ப்பது என்று சென்னையிலேயே படித்தாள். நோய் எனக்கு, காவல் அவளுக்கு. இப்போது கல்யாணத்திலும் அவள் எனக்காக ஒரு பொய்யைச் சுமக்க வேண்டுமா?

எனக்கு இது வந்தது குழந்தையில் வந்த மூளைக்காய்ச்சலால். ஸ்கேனில் அந்தத் தழும்பை டாக்டர் உனக்கே காட்டினார். அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ள இதில் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இந்துத் திருமணச் சட்டமே வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்ய இடம் கொடுத்தது. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டதைப் பெரியத்தைதான் இன்னும் விடவில்லை.

முகூர்த்தத்தன்று நான் மண்டபத்தில் விழுந்தால் அவர்கள் எப்படியும் தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் உன் வாயால் தெரியட்டும். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றாலும் அப்படித்தானே போவார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரும்போது காபி கொடுத்ததுமே சொல்லிவிடு. உன்னால் முடியவில்லை என்றால் வீடியோவில் என்னைக் கூப்பிடு, நானே சொல்கிறேன். அப்புறம், முகூர்த்தம் விடியற்காலை என்றால் முந்தின ராத்திரி எனக்கு ஒரு தனி அறை சொல்லி வை. தூக்கம் கெட்டால்தான் எனக்கு ஆகாது.

அன்புடன்,
உன் பெரியவள்