அப்பாவுக்கு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில் போய் நிற்கிறது. அதனால்தான் கடிதம். "கம்பெனி டாக்டர் ஆவதற்கா அமெரிக்கா போனாய்?" என்று கேட்டீர்கள். ஆமாம், அதற்குத்தான். தொழில்சார், சுற்றுச்சூழல் மருத்துவம் என்பது என் துறையின் பெயர். ஆனால் நீங்கள் நினைப்பது போல லீவுக்குச் சர்டிபிகேட் எழுதித் தரும் வேலை இல்லை இது.

போன மாதம் ஒருவர் வந்தார். சமையலறை மேடைக்குச் செயற்கைக் கல் அறுக்கும் தொழிலாளி, இளவயதுதான். ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்து வந்திருக்கிறார்கள். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினோம். கல்லைத் தண்ணீர் விட்டு அறுப்பீர்களா, காய்ந்தபடியேவா என்று கேட்டேன். காய்ந்தபடியே என்றார். அந்த வகைக் கல்லில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூட சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், இருக்கும். ஸ்கேனில் சிலிக்கோசிஸ், அந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறிப்போகும் நோய். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. முற்றிப்போனால் நுரையீரல் மாற்று அறுவைதான். என்ன வேலை செய்கிறாய் என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ரமாசினி எழுதிவைத்துவிட்டார். இன்னும் நாங்கள் அதைத்தான் ஒவ்வொரு டாக்டருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வேலை மருந்துச் சீட்டோடு முடிவதில்லை, பட்டறைக்கும் போவோம். தொழிலாளியின் சட்டைக் காலரில் சின்னக் குழாயை மாட்டி, அவர் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு தூசி என்று அளப்பார்கள். எட்டு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காவைத் தாண்டக்கூடாது என்பது 2016-இல் இங்கே வந்த விதி. ஒருவரின் நோயைக் கண்டுபிடித்தால் கூட வேலை பார்க்கும் மற்றவர்களையும் காப்பாற்றலாம். வேறு எந்தத் துறையில் எனக்கு இது கிடைக்கும், சொல்லுங்கள்.

ஊரைப் பற்றிக் கேட்டீர்களே. சுற்றிலும் மலை. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி பள்ளத்தாக்கிலேயே அடைபட்டுவிடும், புகை மேலே போக வழியில்லை. அந்த நாட்களில் இளைப்போடு வருபவர்கள் அதிகம். எங்கள் துறையின் பெயரில் சுற்றுச்சூழலும் சேர்ந்திருப்பது சும்மா இல்லை.

சரி, இந்தத் துறைக்கு இங்கே எப்படி வருவது என்று தம்பி கேட்டதற்கு வருகிறேன். முதலில் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள். அப்புறம் இங்கே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் ஒரு வருடம் நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. அதன் பிறகு இந்தத் துறையில் இரண்டு வருடம், கூடவே எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமும். கடைசியில் தடுப்பு மருத்துவ வாரியத்தின் தேர்வு. குடும்ப மருத்துவத்தில் பல வருடம் இருந்துவிட்டு நடுவயதில் இதற்கு மாறுபவர்களும் உண்டு, அவர்களுக்குத் தனி வழி இருக்கிறது.

சிக்கல் பணத்தில்தான். மற்ற துறைகளில் பயிற்சி பெறும் டாக்டர்களின் (ரெசிடென்ட்) சம்பளத்துக்குப் பெரும்பாலும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் மருத்துவமனை வழியாக வருகிறது. எங்கள் பயிற்சி பெரும்பாலும் கிளினிக்கிலும் தொழிற்சாலையிலும் நடப்பதால் அந்தப் பணம் சரியாக வருவதில்லை. நியோஷ் என்ற, தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் மத்திய அரசு நிறுவனத்தின் உதவித்தொகையை நம்பித்தான் பல இடங்கள் ஓடுகின்றன. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். மாப்பிள்ளை வழியாக எனக்குக் கிரீன் கார்டு இருந்தது, தப்பித்தேன். விசாவில் வருபவன் அந்த இடத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். வெட்கப்படக் கூடாது.

பாஸ்டனில் ஹார்வர்ட், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சின்சினாட்டி, சான் பிரான்சிஸ்கோ எல்லாம் நல்ல இடங்கள். நியூயார்க்கில் மவுண்ட் சினாய் என்றால் 2001-இல் இரட்டைக் கோபுர இடிபாட்டில் வேலை செய்தவர்களை இன்னும் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். ஈயம் தொழிலாளர்களை எப்படிக் கெடுக்கிறது என்று ஆலை ஆலையாக ஏறி இறங்கிக் கண்டறிந்த ஆலிஸ் ஹாமில்டனை 1919-இல் ஹார்வர்ட் வேலைக்கு எடுத்தது. அங்கே முதல் பெண் ஆசிரியர் அவர்தான். ஆனால் ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, கால்பந்து டிக்கெட்டும் கிடையாது என்று நிபந்தனையாம்! அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

இரவு டியூட்டி எனக்கு அநேகமாக இல்லை. ஞாயிறு காலையில் தம்பியைக் கூப்பிடச் சொல்லுங்கள், விண்ணப்பக் கட்டுரையை வரி வரியாகப் பார்க்கிறேன். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், சண்டை போட மாட்டேன்.

உங்கள் அன்பு மகள்