மாமி, முகத்தைப் பாக்காதேங்கோ, குழாயைப் பாருங்கோ

அன்பின் மாமி,

இடமாற்றத்தை ஏற்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். முல்லைத்தீவு. திங்கள் விடிய முதல் பஸ், வெள்ளி பின்னேரம் திரும்பி வாறது. ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும். ஆர் என்ன கதைக்கினம் எண்டும் தெரியும். அதை இங்கை எழுதேல்லை, வாசிக்கப்போறவையிலை அரைவாசிப்பேர் எங்கடை ஆக்கள். நேரிலை சொல்லத் தொடங்கினால் ரெண்டாவது வசனத்திலையே நீங்கள் அடுப்படிக்குள்ளை போயிடுவியள். அதாலைதான் எழுத்து. நெப்ரோட்டிக் வருத்தம் (சிறுநீரகத்தாலை புரதம் சலத்தோடை ஒழுகிறது) உள்ள பிள்ளையை அப்பம்மாவோடை விட்டிட்டு வேலைக்குப் போற மற்ற அம்மாமாருக்கும் உதவினால் உதவட்டும்.

சலத்திலை புரதம் போகுதோ எண்டு பாக்கிறதுக்கு, விடிய எழும்பினவுடனை போற முதல் சலம்தான் வேணும். ஓடி விளையாடின பிறகு எடுத்தால் வருத்தமில்லாத பிள்ளையளுக்கும் கொஞ்சம் புரதம் காட்டலாம். சோதனைக் குழாயிலை முக்கால்வாசிக்கு விட்டு, அடிப்பக்கத்தை மரக் கவ்வியாலை பிடிச்சுச் சரியுங்கோ. குழாயின்ரை வாய் உங்கடை முகத்தையோ பேரன்ரை முகத்தையோ பாக்கக் கூடாது. மேல்பாதியை மட்டும் சூடாக்குங்கோ. கீழ்ப்பாதி தெளிவாக் கிடந்தால்தான் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒரே இடத்திலை பிடிச்சால் பொங்கித் தெறிக்கும், ஆட்டிக்கொண்டே இருக்கவேணும். மெழுகுதிரி வேண்டாம், கரி படிஞ்சு ஒண்டும் தெரியாது. ஸ்பிரிட் விளக்கு யன்னலடியிலை கிடக்கு.

கலங்கினவுடனை எனக்குப் போன் எடுக்காதேங்கோ. முதல் நிறமில்லாத வினாகிரியிலை மூண்டு நாலு துளி விடுங்கோ. தெளிஞ்சால் அது பொஸ்பேற்று, பயமில்லை. கலங்கல் அப்பிடியே நிண்டால் புரதம். குழாய்க்குப் பின்னாலை உதயன் பேப்பரைப் பிடியுங்கோ. எழுத்து வாசிக்கலாம் எண்டால் ஒண்டு, எழுத்துத் தெரியாட்டில் ரெண்டு, துணிக்கை துணிக்கையா நிண்டால் மூண்டு, தயிர்மாதிரிக் கட்டினால் நாலு. மூண்டோ நாலோ 3 நாள் தொடந்து வந்தால்தான் வருத்தம் திரும்பினது எண்டு கணக்கு. காய்ச்சலுக்கும் ஒருநாள் ரெண்டுநாள் புரதம் போகும், அதுக்குத்தான் இந்த 3 நாள். அதுக்குள்ளை முகம் வீங்கினால் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, கிளினிக்குக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் இல்லாத நாளிலையும் கொப்பியிலை "இல்லை" எண்டு எழுதுங்கோ. வெறுமையா விட்டால் பாக்கேல்லையா, பாத்து இல்லையா எண்டு டொக்டருக்கு விளங்காது.

இவ்வளவு ஏன் எண்டால், வீக்கம் வாறதுக்கு நாள்க்கணக்கிலை முதலே குழாயிலை தெரிஞ்சிடும். நீங்கள் பாக்கிறது முகத்தை.

நல்லூர்க் கொடியேறின கிழமை நடந்ததை எழுதாமல் விடத்தான் நினைச்சன். வெளிநாட்டாலை வந்தவை அவன்ரை கன்னத்தைக் கிள்ளி "குளிசையாலை ஊதிப்போனான்" எண்டு சொல்ல, நீங்கள் முகம் வத்தட்டும் எண்டு குளிசையைப் பாதியாக்கிப்போட்டியள். எனக்குச் சொல்லேல்லை. உங்கடை பெருவிரலைப் பிடிச்சு அவன்ரை கணுக்காலுக்கு மேலை எலும்பிலை வைச்சு அமத்தினன். எடுத்த பிறகும் பள்ளம் அப்பிடியே நிண்டது. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. ஓட்டோ வரும்வரை அந்தக் காலை மடியிலை வைச்சுத் தடவிக்கொண்டிருந்தியள். சனத்துக்கு முன்னாலை கத்தினதுக்கு மன்னியுங்கோ. கத்தாமல் சொன்ன நாளுகளிலை நீங்கள் கேக்கேல்லை எண்டதையும் சேத்து வாசியுங்கோ.

ரெண்டு வீக்கமும் ஒண்டில்லை, மாமி. குளிசையாலை, அதுதான் பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட்டாலை, வாறது கன்னம் உருண்டு நாள் முழுக்க ஒரேமாதிரி இருக்கும், அமத்தினால் பள்ளம் விழாது. வருத்தத்தாலை வாறது விடிய கண்மடலிலை தொடங்கும், பின்னேரம் காலுக்கு இறங்கும், மேசு கழட்டினால் தடம் நிக்கும். முதலாவது குளிசை குறையக் குறைய வத்தும். அதைக் குறைக்கிறது டொக்டர், படிப்படியா. கனநாள் குடுத்ததைத் திடீரெண்டு நிப்பாட்டினால், உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீரொயிட் இன்னும் எழும்பியிராது. சத்தி எடுத்துச் சோர்ந்து விழுந்திடும் பிள்ளை. எத்தனை குளிசை எண்டு வேணுமெண்டுதான் இங்கை எழுதேல்லை. அது பிள்ளையின்ரை உயரத்தையும் நிறையையும் பாத்துக் கணக்கிடுறது, ஆரும் இதைப் பாத்துக் குடுக்கக் கூடாது. காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரேதரமாக் குடுங்கோ. அரை மணித்தியாலத்துக்குள்ளை சத்தி எடுத்தால் திருப்பிக் குடுக்கவேணும், அதுக்குப் பிந்தினால் வேண்டாம். ஒண்டுவிட்ட நாள் குடுக்கிறதாலை கலண்டரிலை வட்டம் போட்டிருக்கிறன்.

தடிமன் வந்தால் கிளினிக்குக்குச் சொல்லுங்கோ. அந்த நாளுகளிலை குளிசையைத் தினமும் குடுத்தால் வருத்தம் திரும்பிறது குறையும் எண்டு இலங்கையிலை செய்து 2008இலை வெளிவந்த ஆய்வு சொல்லுது. 2022இலை இங்கிலாந்து ஆய்வு ஒண்டு அதிலை பிரயோசனமில்லை எண்டுது. பெரிய ஆக்களே ஒத்துக்கொள்ளாத விசயத்தை நீங்களும் நானும் அடுப்படியிலை தீர்மானிக்கேலாது, கிளினிக் கொப்பியிலை எழுதினதுதான். பக்கத்து வளவிலை ஆருக்கும் கொப்புளிப்பான் எண்டால், இவனுக்கு ஒரு பரு வராட்டிலும் அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குச் சொல்லவேணும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், புறூபன் வேண்டாம். நெருஞ்சிக் கசாயத்தைப் பற்றி நாங்கள் ஏற்கெனவே கதைச்சாச்சு.

வயித்துக்குத்தோடை காய்ச்சல், சலம் நல்லாக் குறையிறது, ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, மூச்சு வாங்கிறது, வலிப்பு. இதிலை எது வந்தாலும் என்னைக் கேக்க நிக்காதேங்கோ. 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. அல்லாட்டில் ஓட்டோவிலை நேரே போங்கோ. நீங்கள் எடுக்கிற முடிவு பிழைச்சாலும் நான் ஒரு சொல்லுக் கேக்கமாட்டன். அவன் உங்கடை கையிலைதான் முதல் நடந்தவன், எனக்கு அது தெரியும்.

புரதம் போகுது எண்டு சாப்பாட்டிலை நாளுக்கு நாலு முட்டை அவிக்கத் தேவையில்லை, கூடக் குடுத்தாலும் அது சலத்தோடைதான் போகும். வழமையாத் தின்னிறது காணும். கறியிலை உப்பு மட்டு. கருவாடு, ஊறுகாய், பப்படம், மாமைற், நூடில்ஸ் பக்கற்றுக்குள்ளை வாற தூள், ஒண்டும் வேண்டாம், உப்புத்தான் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது. ராத்திரி பசிக்குது எண்டு அழுவான். பேராசை எண்டு பேசாதேங்கோ, அது குளிசையின்ரை பசி. வெள்ளரிக்காய் வெட்டிக் குடுங்கோ, உப்புப் போடாமல் சோளன் அவிச்சுக் குடுங்கோ. மிக்சர் ரின்னை நான் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோறன், தேடாதேங்கோ.