சனிக்கிழமை மாதிரி விமான வகுப்பு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

இராயபுரம், சென்னை

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூலை மாத முதல் சனிக்கிழமையிலிருந்து, ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியருக்கு, பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி மாதிரி விமானம் செய்யும் பயிற்சி நம் பள்ளியின் கைத்தொழில் அறையில் நடைபெற இருக்கிறது. இது பறக்கும் விமானம் அன்று, ரிமோட்டும் கிடையாது. உண்மையான ஒரு விமானத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கி மேசைமேல் நிறுத்தும் வேலை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சில முகங்கள் வாடியதைக் கண்டேன். ஆகவேதான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டிகளின்மேல் 1/72, 1/48, 1/32 என்று அச்சிட்டிருப்பார்கள். 1/72 என்றால் உண்மை விமானத்தின் 72 மில்லிமீட்டர் நம் கையில் ஒரு மில்லிமீட்டர். ஆறடி உயரமுள்ள விமானி அந்த அளவில் ஓர் அங்குலம்தான் இருப்பார். 1963 முதல் நம் விமானப்படையில் பறந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுமார் 7.15 மீட்டர், இந்த அளவில் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு, அதாவது குழந்தையின் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏழாம் வகுப்புக் குழந்தைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கணித ஆசிரியை கேட்டுக்கொண்டிருக்கிறார்; எனக்கும் அது சரியென்றே படுகிறது.

பிள்ளைமேல் உள்ள ஆசையில் பெரிய பெட்டியாக வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோர் அருள்கூர்ந்து பொறுத்திருக்க வேண்டும். பெரிய கிட்டில் பாகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். முதன்முதலில் கை வைக்கும் குழந்தை சக்கரத்துக்கு வருவதற்குள் சலித்துப் போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடும். மேலட்டையில் பளபளக்கும் படத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் வண்ணம் பூசாத சாம்பல் நிறப் பாகங்கள்தான், பசையும் பெயின்டும் தனியாக வாங்க வேண்டும். ஏர்ஃபிக்ஸ் போன்ற சில நிறுவனங்கள் சிறு புட்டிகளில் வண்ணம், பசை, பிரஷ் ஆகியவற்றோடு சேர்த்து விற்கும் தொடக்கநிலைப் பெட்டிகளே நமக்கு ஏற்றவை. பள்ளியில் மூன்று பேருக்கு ஒரு பெட்டி வீதம் நாங்களே தருகிறோம். இப்போதைக்கு வீட்டில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தின் முக்கியமான வேண்டுகோளை இங்கே வைக்கிறேன். இந்த வேலையில் என்னையும் என் ஆசிரியர்களையும்விடத் தேர்ந்தவர்கள் நம் பெற்றோர்களிலேயே பலர் இருக்கிறார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவர்கள், துறைமுகத்தில் வெல்டிங் செய்பவர்கள், வண்ணாரப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர்கள், வீடுகளுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் ஆகியோர் நாள்தோறும் செய்வதைத்தான் இக்குழந்தைகள் விரல் அளவில் செய்யப் போகிறார்கள். ஓட்டல் உரிமையாளரான டி ஏஞ்செலிஸ் 1910ஆம் ஆண்டில் இதே சென்னையில் பறந்து காட்டிய விமானம், வண்டிகளுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு உருவானது என்பதை எண்ணும்போது, பட்டறைக் கைகளுக்கும் விமானத்துக்கும் இந்த ஊரில் உறவு பழையது என்றே தோன்றுகிறது. எனவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து குழந்தைகளோடு உட்கார இயலும் பெற்றோர், ஒப்புதல் சீட்டின் கீழே தம் தொழிலைக் குறித்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வேலையின் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் வீட்டில் கேள்விகள் எழும்போது உதவும். பாகங்கள் எல்லாம் ரன்னர் எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் எண்ணிட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு அவற்றின்மேல் இருக்கக்கூடும் என்பதால், முதலில் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்ப்பது பெரும்பிழை. சிறு கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முளையை உப்புத்தாளால் தேய்த்துச் சமனாக்க வேண்டும். பின்பு பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்க்க வேண்டும். இதற்கான பசை நாம் அறிந்த பசைகளைப் போன்றதன்று. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இலேசாக இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. ஆகவே அது ஒட்டு என்பதைவிடப் பற்றவைப்பு என்பதே பொருந்தும். ஒரு துளி கூடினாலும் பாகத்தின் முகம் உருகிக் கைரேகை பதிந்துவிடும்.

என் கைரேகை பதிந்த விமானம் ஒன்று அலுவலக அறை அலமாரியில் இருக்கிறது. கோடை விடுமுறையில் நானும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வரும் சோதனையாகச் செய்தது அது. விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியை அவசரத்தில் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையால் ஒட்டிவிட்டேன்; மறுநாள் பார்த்தால் மூடியின் உட்புறம் முழுதும் மூடுபனி போல் வெள்ளை படிந்து, உள்ளே வைத்த விமானி கண்ணுக்கே தெரியவில்லை. அந்தப் பசையின் ஆவி அப்படிப் படியும் என்பதும், மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே அங்கு ஏற்றது என்பதும் பிறகுதான் புரிந்தன. அதோடும் முடியவில்லை. சக்கரம் வைத்து மேசைமேல் நிறுத்தியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் படிய உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் உள்ள ஜெட் விமானங்களில் பலவற்றுக்கு, உடலை ஒட்டி மூடுவதற்கு முன்பே மூக்கினுள் எடை வைக்க வேண்டும். குறிப்புத்தாளில் அது எழுதியிருந்தும் நாங்கள் படிக்கவில்லை. காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மறுநாள் தன் தந்தையின் வலையிலிருந்து இரண்டு ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் யோசனை மிகச் சரியானது. ஆனால் ஈயம் குழந்தைகள் கையாளத் தக்கதன்று என்பதால், இரும்பு நட்டுகளையே பயன்படுத்துவோம். வலைக்குண்டுகளை யாரும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

வண்ணம் தீட்டுவதில் பொறுமைதான் பாதி வேலை. பெயின்டைப் பால் பதத்துக்கு நீர்க்கக் கலந்து, மெல்லியதாக ஒரு கை பூசி, நன்றாகக் காயவிட்டு, அடுத்த கையைக் குறுக்குவாட்டில் பூச வேண்டும். ஒரே பூச்சில் அடர்த்தியாக அப்பினால், உடலில் செதுக்கியிருக்கும் நுண்ணிய கோடுகள் எல்லாம் மூழ்கிப் போகும். நம் பகுதியின் கடற்காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காய்வதற்கு மேலும் நேரமாகும் என்பதாலேயே பயிற்சியை ஜூலையில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிக்கிறோம். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டாதிருக்க, காயும் விமானத்தின்மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இறுதியில் ஒட்டும் சின்னங்கள், பபிள்கம்மோடு வரும் தண்ணீர் ஸ்டிக்கரைப் போன்றவை. நடுவில் பச்சையும் அதைச் சுற்றி வெள்ளையும் வெளியே காவியுமாக உள்ள நம் விமானப்படை வட்டத்தை நீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவத் தொடங்கியதும் இறக்கைமேல் நகர்த்திவிட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மினுக்கும். அதனால் முன்னதாகவே பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசிக்கொள்ள வேண்டும்.

சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தின்னர், சொல்யூஷன் போன்றவற்றை முகர்ந்து பழகும் தீமை சிறுவர்களிடையே இருப்பதைத் தாங்களும் அறிவீர்கள். தெரியாததுபோல் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்களை மட்டுமே பயன்படுத்துவோம். பசைப் புட்டிகள் எண்ணிக் கொடுக்கப்பட்டு, எண்ணித் திரும்பப் பெறப்பட்டு, என் அறையில் பூட்டி வைக்கப்படும்; எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு அனுப்பப்படமாட்டா. ‘சார் வாங்கி வரச் சொன்னார்’ என்று எந்தக் குழந்தையேனும் பசைக்கோ தின்னருக்கோ பணம் கேட்டால், கொடுக்காமல் உடனே வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கவும். கூர்கத்தியை ஆசிரியர் அல்லது வந்திருக்கும் பெற்றோர் மட்டுமே கையாள்வர். ஜன்னல்கள் திறந்தே இருக்கும்.

முதல் விமானம் கோணலாகத்தான் வரும். வரும் பெற்றோர் அதைத் தம் கையில் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடாமல், எங்கே பிசகியது என்பதை மட்டும் காட்டினால் போதும்.

இணைப்பில் உள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கவும். ஆஸ்துமா அல்லது தோல் ஒவ்வாமை இருப்பின் அதில் குறிப்பிடவும். முதல் வகுப்புக்கு வரும்போது பாகங்களை அலச ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், வண்ணம் கலக்க ஒரு காலித் தயிர் டப்பா, சட்டைமேல் போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய சட்டை ஆகியவற்றைக் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்