இரைப்பையை முழுதாக எடுப்பது ஒன்றேதான் வழியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "இரைப்பைப் புற்றுநோய் என்றால் இரைப்பையை முழுதாக எடுப்பது ஒன்றே வழி" என்று ஒரு வரி. அதைப் படித்துப் பயந்து ஒருவர் சிகிச்சைக்கே வராமல் போனால் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவீர்கள்?

பரவாத நோயில் முழு இரைப்பையும் எல்லோருக்கும் போவதில்லை. உட்சவ்வைத் தாண்டாத, 2 செ.மீ.க்கு உட்பட்ட, புண்ணாகாத, வீரியம் குறைந்த வகைக் கட்டியை எண்டோஸ்கோபி வழியாகவே சீவி எடுத்துவிடலாம். கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் மேல்பகுதியைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். எந்த அறுவையானாலும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். குறைந்தது 16 கணுக்களைச் சோதித்ததாகப் பரிசோதனை அறிக்கையில் இருக்க வேண்டும்; குறைந்தால் நோயின் கட்டத்தையே தவறாகக் கணிக்க நேரும்.

கீமோ பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இரைப்பைச் சுவரின் தசை அடுக்கை எட்டிவிட்ட கட்டிக்கு ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கூட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அறுவைக்கு முன் 4, பின் 4 என்று கொடுக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வில், பழைய மருந்துக் கூட்டைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 35 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். ஃப்ளாட் பெற்றவர்களில் பாதிப் பேர் 50 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். முன்பே ஏன் கொடுக்க வேண்டும்? அறுவைக்குப் பின் உடம்பு தாங்காமல் மீதியைப் பலர் முடிப்பதில்லை. அதற்கும் முன்னால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாக நுழைக்கும் கேமரா) வைத்து வயிற்று உறையைப் பார்ப்பது அவசியம். அங்குள்ள சின்னஞ்சிறு திட்டுகள் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடும்.

சொல்ல வந்ததால் பழைய மனக்குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி (சோதனைக்குச் சதைத் துணுக்கு) எடுத்தால் நோய் பரவும் என்று முன்பொரு இதழில் தவறாக எழுதினீர்கள். எத்தனை பேர் அதையே சொல்லி எண்டோஸ்கோபி அறையிலிருந்து எழுந்து போகிறார்கள் தெரியுமா? நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போடலாம் என்று கேள்வி-பதிலில் வந்தது. புற்றுப்புண்கூட அந்த மாத்திரையில் தற்காலிகமாக ஆறியதுபோல் தெரியும். எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ மாத்திரையோடு நிற்கக் கூடாது.

முழு இரைப்பையும் எடுத்தவர் "வழக்கம்போல் சாப்பிடலாம்" என்று நீங்கள் எழுதியதும் தவறு. ஒரு நாளுக்கு ஆறு சிறு வேளைகள், உணவோடு தண்ணீர் குடிக்காமல், இனிப்பைக் குறைத்து. வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுவதும். உடலின் சேமிப்பு கரையச் சில ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் குறைபாடு தாமதமாகத்தான் தலைகாட்டும்.

அடுத்த இதழில் அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்