வான்பயிர், செய்பயிர், வழிவாய்க்கால்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊரின் காணிகளையும் குளங்களையும் மரங்களையும் பறவைகளையும் பெயர் பெயராகப் பதிந்து, கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு நாள் கண்காட்சியாக வைத்து முடித்துவிட்டோம். நாற்காலிகள் திரும்பிப் போய்விட்டன, கணக்கும் பார்த்தாகிவிட்டது. ஆனால் மண்டப நேரம் முடிந்துவிட்டதென்று நன்றியுரையை இரண்டு நிமிடத்தில் சுருட்டியது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகவே இந்த மடல்.

முதலில், உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, காட்டியவர்களுக்கு. காணி உறுதியை இன்னொருவர் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு மாமி, பங்கு கேட்டு வந்திருக்கிறோமோ என்ற ஐயத்தில், கம்பிக் கதவைத் திறக்காமலே அரை மணி நேரம் எங்களை விசாரித்தார். திறந்த பிறகு ஒரு சூட்கேசையே மடியில் வைத்துவிட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது அந்தச் சூட்கேசைத்தான். மழையில் ஊறிய கறை இன்னமும் தாள்களில் இருக்கிறது.

அந்த உறுதிகளை வாசித்துக் காட்டிய உறுதி எழுதும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். 'கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் உரித்தும், வான்பயிர் செய்பயிர்களும்' என்று அவர் வாய்விட்டு வாசிக்கும்போது தேவாரம் கேட்பதுபோல் இருக்கும். நிலத்தில் நின்று நிலைக்கும் மரம் வான்பயிர், ஆண்டுதோறும் மனிதன் இடுவது செய்பயிர். யாருடைய வளவுக்கூடாக யாருடைய தண்ணீர் போகலாம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. இயற்கையைப் பதிவு செய்யப் புறப்பட்ட நாங்கள் கமராவையும் தொலைநோக்கியையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம். பதிவு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர்: கலட்டி, தரவை, புலம், சீமா, வளவு என்று முடியும் பெயர்கள். கல் நிலமா, மேய்ச்சல் நிலமா என்று பெயரே சொல்லிவிடுகிறது. கொழும்பில் பேர்ச் கணக்கில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள், பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதை இப்போது பாடமாகச் சொல்கிறார்கள்.

நுகேகொடையில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும் எங்களோடு சேர்ந்தார். சிங்களவர், தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரைந்த பழைய தாளில் எங்கள் ஊரை எங்களைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். இவ்வளவு சிறிய இடத்தில் ஏன் இத்தனை குளம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எங்களுக்கே விளங்கியது. வடகீழ்ப் பருவமழை ஒன்றை நம்பிய மண், அடியில் சுண்ணாம்புக்கல். குளத்தில் தங்கும் மழை கசிந்து இறங்கி, கீழே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரோடு சேர்ந்தால்தான் கோடையிலும் கிணறு உவர்க்காது. வழுக்கையாறும் அப்படித்தான். மாரியில் ஓடி அராலியில் கடலில் சேரும், கோடையில் அதற்குள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். 'இதுவா ஆறு?' என்று என் மகள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை.

ஒரு பிழையையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். உறுதியில் இருப்பது காணி வைத்திருந்தவர்களின் ஊர். பிறர் காணியில் பனை ஏறியவர்களிடமும் கிணற்று நீர் இறைக்கத் துலா மிதித்தவர்களிடமும் மாடு மேய்த்தவர்களிடமும் நாங்கள் ஏழு மாதம் கழித்துத்தான் போனோம். அதுவும் ஊரில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் 'நீங்கள் கேட்கிற ஆட்கள் எல்லாம் ஒரே பக்கத்து ஆட்கள்' என்று சொன்ன பிறகு. அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி. சொன்னதோடு நிற்காமல் சைக்கிளில் போய்க் கேட்டும் வந்தார்கள். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் மூலை, புலுனிக் கூட்டம் இறங்கும் பூவரசு வேலி, எந்த வடலிக்குள் கௌதாரி கத்தும் என்பதெல்லாம் அவர்களிடமிருந்துதான் வந்தன. அந்த இடங்களுக்கும் பெயர் உண்டு. எந்த உறுதியிலும் இல்லை. தொண்ணூறை நெருங்கும் ஓர் ஐயா சொன்ன பெயர்களை மட்டும் எழுத ஒரு கொப்பி போதவில்லை. தாமதமாக வந்ததற்கு அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் தந்தார்.

சிறு நூலை அச்சிட்டபோது நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அச்சகத்தில் யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு பதினான்கு இடங்களில் 'சீமா' என்பதைச் 'சீமை' என்று திருத்திவிட்டார். எங்கள் ஊர்க் காணி பாதி இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஒட்டுத்தாள் வெட்டி ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிய பம்பலப்பிட்டி அக்காமார் நால்வருக்கும் நன்றி. ஓரிரண்டு பிரதிகள் தப்பியிருக்கும், பொறுத்தருள்க.

நான்கு வெள்ளை வேட்டிகளை இணைத்துத் தைத்து, அதில் ஊரை வரைந்தவர் தெகிவளைத் தையற்காரர். கூலி வாங்கவில்லை. கூழுக்கு, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை இரவு பஸ்ஸில் அனுப்பிய ஊர் மாதர் சங்கத்துக்கும், வெள்ளவத்தைச் சந்தையில் விடியற்காலையில் நின்று நண்டும் மீனும் தெரிந்து வாங்கிய தம்பிமாருக்கும், கூழ் குடிக்கப் பலாவிலை பறிக்கத் தன் முற்றத்து மரத்தைத் தந்த அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் நன்றி. கூழ் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. பிந்தி வந்தவர்கள் இன்னமும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மா வேட்டியின் மேல் குனிந்து, நாங்கள் வரைந்த குளத்தின் மேற்குக் கரையை விரலால் அழித்துக் காட்டினார். 'ஆவுரோஞ்சிக் கல் இங்கே இல்லைப் பிள்ளை, அங்கே' என்றார், மாடுகள் உடம்பு உரசிக்கொள்ளும் கல்லைத்தான் சொன்னார். பென்சில் கொடுத்தோம், அவரே குறித்தார். சென்ற வெள்ளி இரவு அந்த வேட்டி பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டது. இப்போது வாசிகசாலைச் சுவரில் தொங்குகிறது, பென்சிலும் நூலில் கட்டித் தொங்குகிறது. யாரோ ஏற்கெனவே எங்கள் சுடலை ஒழுங்கையை வெட்டித் திருப்பி வரைந்திருப்பதாக நேற்றுச் செய்தி வந்தது. யார் சரி என்று பார்க்க, ஆறு ஓடத் தொடங்கியதும் நாங்கள் நான்கு பேர் போகிறோம்.

நன்றியுடன்,
ஊர்ப் பதிவுக் குழுவினர் சார்பில்,
வெள்ளவத்தை, கொழும்பு 6